டல்லாஸ் போயிருக்கிறான்

மதியம் ஒன்றே முக்காலுக்கு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம். ரிசர்வாயரின் கார் நிறுத்துமிடத்தில் என் மகன் ரெனிஷின் வண்டி ஓரமாக நின்றது. பூட்டியிருந்தது. பின் இருக்கையில் அவனுடைய ஆபீஸ் பை கிடந்தது. ஜெபினா கண்ணாடியில் இரண்டு கைகளையும் குவித்து வைத்து உள்ளே பார்த்தாள். பிறகு வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு மாமா. வந்து ரொம்ப நேரமாச்சு."

ஜெபினா என் மருமகள். அம்பத்தூரில் வளர்ந்தவள். எதையும் உரக்கச் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவள். அன்று அதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

காலையில் நாங்கள் எழுந்தபோது ரெனிஷ் வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவனுடைய போன் இருந்தது. அதன் பக்கத்தில் வீட்டுச் சாவி. போனை மறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வீட்டுச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவது மறதி ஆகாது. ஆனாலும் பதினோரு மணி வரை அது மறதிதான் என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கார் எங்கே நிற்கிறது என்பதைப் போனிலேயே பார்க்க முடியும் என்று பிறகுதான் ஜெபினாவுக்கு ஞாபகம் வந்தது. பேத்தி அபிகாயிலை அவளுடைய பள்ளிச் சிநேகிதி விஷாகாவின் வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் வீடிருக்கும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே வந்தோம்.

இடம் எனக்குப் புதிதல்ல. ஜூலையில் எங்கள் தமிழ்ச் சபை இங்கேதான் பிக்னிக் வைத்தது. அப்போது எல்லாம் பச்சையாக இருந்தது. இப்போது நவம்பர் நடு. மலை உச்சியில் மரமில்லாத மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இடுப்பளவு புல் காய்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கிடையே குட்டைப் புதர்கள் பழைய செங்கல்லின் நிறத்தில் பரந்திருந்தன. பள்ளங்களில் கறுத்த சேறு. எல்லாவற்றுக்கும் நடுவே இரும்புத் தகடு போலத் தண்ணீர். மறுகரை வரை ஒரு படகு இல்லை, ஒரு ஆள் இல்லை. பலகையில் சுற்றுப்பாதையின் நீளம் ஐந்தரை மைல் என்றிருந்தது. சூரியன் மறைந்ததும் கேட் பூட்டப்படும் என்றும் இருந்தது. அன்று சூரியன் மறைவது நாலு முப்பத்தேழுக்கு.

"நான் 911 கூப்பிடறேன் மாமா."

"பொறு மக்ளே."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"ஒரு சுத்து சுத்திப் பாப்போம். நடக்க வந்திருப்பான். போலீஸ் வந்தா சும்மா போவாது. பேரு என்ன, விசா என்ன, வேலை என்னண்ணு கேட்டு எழுதும். எழுதினா எழுதினதுதான். இண்ணைக்கு அவனுக்கு இருக்கப்பட்ட நெலமையில அது நல்லதா, நீயே சொல்லு."

விசா என்ற சொல் வேலை செய்தது. அவள் போனைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அது வேலை செய்யும் என்று தெரிந்தேதான் நான் சொன்னேன்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் போனால் படகு இறக்கும் சரிவும் வடகரையும். வலப்பக்கம் போனால் அணை. நான் வலப்பக்கம் திரும்பினேன்.

"ஏன் இந்தப் பக்கம்?"

"இதுதான் நல்ல வழி."

ஏன் அந்தப் பக்கம் திரும்பினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில். அணையில் யாராவது விழுந்துவிட்டால் போலீஸ்காரர்கள் முதலில் என் குவார்ட்டர்ஸுக்குத்தான் வருவார்கள். எங்கே தேட வேண்டும் என்று கேட்பார்கள். ஆள் உடனே மிதக்காது, குளிர்ந்த தண்ணீரில் பல நாள் ஆகும். தொப்பி மிதக்கும், செருப்பு மிதக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கரையில் ஒதுங்கும். அன்று காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. ஆகவே எதுவானாலும் அணையின் கல்சரிவில்தான் வந்து நிற்கும்.

நான் தண்ணீரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஜெபினா மேட்டைப் பார்த்து, புதர்களைப் பார்த்து, "ரெனிஷ்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். காற்று அந்தப் பெயரை அவள் வாயிலிருந்தே பிய்த்துக்கொண்டு போனது.

"மண்டேலேர்ந்து டெய்லி இங்கதான் வந்திருக்கார் மாமா" என்றாள். "கார் ஆப்ல எல்லா நாளும் இருக்கு. ஏழே காலுக்குக் கெளம்பறார், எட்டே முக்காலுக்கு இங்க. சாயங்காலம் நாலரை வரைக்கும் இங்கதான். இந்தக் குளிர்ல."

அவனை ஏழே காலுக்குக் கிளம்பச் சொன்னது நான்.

இதைச் சொல்ல வேண்டுமானால் முந்தின ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வந்து ஊர் திரும்பும் பெற்றோர், ஆராதனை முடிவில் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். இந்த நாட்டில் கர்த்தர் தங்கள் குடும்பத்துக்குச் செய்த நன்மையைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவார்கள். ஜூனில் வந்த எனக்கு வருகிற வியாழக்கிழமை விமானம். நானும் எழுந்தேன். என் மகன் ரெனிஷ் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் டைரக்டராக உயர்ந்திருக்கிறான், சிறுவயதில் தாயை இழந்த பிள்ளையைத் தேவன் இவ்வளவு உயரத்தில் வைத்தார் என்றேன். சபையார் கை தட்டினார்கள். மே மாதம் அவன் போனில் சொன்ன செய்தி அது. பதவி உயர்வு வரும்போல் இருக்கிறது என்று சொன்னான். வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு அவனும் மறுக்கவில்லை. மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அடக்கம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் சொன்னான். வேலை போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை என்றால் மனைவி மக்களோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஜெபினாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் மறைத்திருக்கிறார்கள். மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வேலை செய்வதாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் அவனைத் திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. "சபையில சாட்சி சொன்னாச்சு. தேவ சமுகத்துல சொன்னது பொய்யாவப்பிடாது" என்றேன். "நான் போறது வரை ஆருட்டயும் வாய் தொறக்காத. நாளையிலேர்ந்து பையத் தூக்கிட்டு ஆபீஸ் போற நேரத்துல போ. வார நேரத்துல வா. எதிர்வீட்டுல தனபாக்கியம் இருக்கா. அவ கண்ணுல படாம நம்ம தெருவுல ஒரு இலை விழாது."

எங்கே போய் உட்கார்ந்திருப்பாய் என்று நான் கேட்கவில்லை.

அணையின் மேல் ஏறியபோது காற்று முகத்தில் அறைந்தது. நேரான மண் அணை, முக்கால் மைல் நீளம். தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். கற்களின் மேல் அலை மோதி, நுரையும் குச்சிகளும் காய்ந்த புல்லும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. நான் அந்தக் கோட்டை ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரு தூண்டில் மிதவை. பாதி அணையைக் கடந்திருப்போம். கற்களுக்கிடையே கருநீலத்தில் ஒரு கம்பளித் தொப்பி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ரெனிஷிடம் கருநீலத் தொப்பி இருந்தது.

"நீ இங்க நில்லு" என்று சொல்லிவிட்டு நான் கல்சரிவில் இறங்கினேன். எழுபத்திரண்டு வயதில் அதில் இறங்கக்கூடாது. நாலாவது கல்லில் கால் வழுக்கி, உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். கை மணிக்கட்டு வரை தண்ணீரில் போனது. அந்தக் குளிரைக் குளிர் என்று சொல்ல முடியாது, அடி என்றுதான் சொல்ல வேண்டும். தொப்பியை எடுத்துத் திருப்பினேன். உள்ளே பாசி படிந்திருந்தது. போன வருஷத்துத் தொப்பி, யாரோ சின்னப் பிள்ளையுடையது.

திரும்பிப் பார்த்தபோது ஜெபினா மேலே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"நீங்க அவரைத் தேடல" என்றாள். "அவர் பாடியத் தேடறீங்க."

"ஜெபினா."

"வந்ததுலேர்ந்து தண்ணியத் தவிர நீங்க எதையும் பாக்கல. ஒரு வாட்டி கூட பேர் சொல்லிக் கூப்பிடல. அதுக்குத்தான் ஒரு சுத்து சுத்தலாம்னீங்க. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்க பாத்துடணும். ஹார்ட் அட்டாக்னு சொல்லலாம், வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லலாம். அதானே மாமா? அதுக்கும் ஒரு சாட்சி ரெடி பண்ணிட்டீங்களா?"

என் வயதுக்கும் என் இடத்துக்கும் அந்த மாதிரிப் பேச்சை யாரும் என்னிடம் பேசியதில்லை. என் வீட்டில் பேசவும் விட்டதில்லை. ஆனால் கையில் ஈரத் தொப்பியை வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு இடம் ஏது. அவள் சொன்னதில் பிழை இல்லை. வழுக்கி விழுந்தான் என்ற வாக்கியம், நாங்கள் காரை விட்டு இறங்கும்போதே என்னிடம் தயாராக இருந்தது.

நான் மேலே ஏறி வருவதற்குள் அவள் 911 அழைத்துவிட்டாள். இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். பெயர், வயது நாற்பத்தொன்று, உயரம், சாம்பல் நிறக் கோட்டு. பிறகு நிறுத்தி, கேட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"கடைசியா என்ன பேசினார், எப்படி இருந்தார்னு கேக்கறாங்க. நேத்து எல்லாரும் போனப்பறம் என்கிட்ட ஒண்ணும் பேசல. உங்ககிட்டதான் பேசினார். நீங்களே சொல்லுங்க."

முந்தின நாள் வெள்ளிக்கிழமை, என்னை வழியனுப்ப எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முப்பது பேருக்கு மேல் வருவதாக இருந்தது. "என்னால முடியாதுப்பா" என்றான் ரெனிஷ். "டைரக்டர் ட்ரீட் எப்போன்னு கேப்பாங்க. என்னால சிரிக்க முடியாது." நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். காரை கராஜுக்குள் விட்டு மூடச் சொன்னேன். அவனை மாடியறையில் விளக்கைப் போடாமல் இருக்கச் சொன்னேன். மரத்தரை, நடந்தால் கீழே சத்தம் கேட்கும், நடக்காதே என்றேன். தண்ணீர்க் குழாயைத் திறக்காதே என்றேன். வந்தவர்களிடம் "டல்லாஸ் போயிருக்கிறான், ஆபீஸ் வேலை, திங்கள்கிழமைதான் வருவான்" என்றேன். ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பாடினார்கள், ஜெபித்தார்கள், சாப்பிட்டார்கள். பாஸ்டர், டல்லாஸ் பட்டணத்தில் தனியாக இருக்கும் தம்பி ரெனிஷை ஆண்டவர் தமது சிறகுகளால் மூட வேண்டும் என்று ஜெபித்தார். அவன் அவர் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தான்.

கடைசி வண்டி போனதும் நான் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். கதவுக்குப் பின்னாலேயே இருட்டில் நின்றிருந்தான்.

போனில் அந்தப் பெண் பொறுமையாக மறுபடி கேட்டாள். உங்கள் மகன் கடைசியாக என்ன சொன்னார், ஐயா.

நான் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவேன். அந்த ஒன்றை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "எல்லாரும் போயாச்சாப்பா? பாத்ரூம் போவலாமா?" என்று கேட்டான். அதைத்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்றாள். தலையை ஆட்டினேன் என்றேன்.

தன்னை ஏதாவது செய்துகொள்வார் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள்.

"யெஸ்" என்றேன்.

ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், இருபது நிமிஷம் ஆகும், நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்றாள். மணி மூன்று பத்து. மேற்கே மேட்டின் முதுகில் வெளிச்சம் மஞ்சளாகி, புல்லின் நுனியில் மட்டும் தங்கியிருந்தது. ஜெபினா அணையின் மறுகோடிக்கு ஓடி, தெற்கு மேட்டில் ஏறி நின்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அணைமேல் நின்றேன். நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு எத்தனை வருஷமாகியிருக்கும் தெரியவில்லை. தொண்டையிலிருந்து வந்தது ஒரு கிழவனின் சத்தம். தண்ணீரின் பாதி தூரம்கூடப் போயிருக்காது.

ஐந்தரை மைல் சுற்றளவு. இரண்டு பேர். வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம். கணக்கு எனக்குத் தெரிந்த தொழில். அந்தக் கணக்கு சரிவரவில்லை. இன்னும் முப்பது ஜோடிக் கண்கள் வேண்டும். முப்பது ஜோடிக் கண்கள் என்னிடம் இருந்தன. அவற்றிலிருந்து மறைக்கத்தான் இவ்வளவும் செய்தேன்.

சபையின் வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தேன். அதில் எண்பத்து நாலு பேர். மேலே என்னுடைய வழியனுப்பு ஜெபக்கூட்டத்தின் போட்டோக்கள், அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள். ஈர விரலுக்கு எழுத்து சரியாக விழவில்லை. கோட்டில் துடைத்துத் துடைத்து எழுதினேன்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன சாட்சி உண்மையல்ல. ரெனிஷுக்கு வேலை போய் எட்டு வாரம் ஆகிறது. அவன் டல்லாஸ் போகவில்லை. நேற்று வீட்டு மாடியில் இருந்தான். நான்தான் இருக்கச் சொன்னேன். இன்று காலையிலிருந்து காணவில்லை. நாம் பிக்னிக் வந்த ரிசர்வாயரில் தேடுகிறோம். இருட்டப் போகிறது. பார்த்தவர்கள் கூப்பிடுங்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்."

என் கடிதம் எதுவும் பெயரும் பட்டமும் முன்னாள் பதவியும் இல்லாமல் முடிந்ததில்லை. அதற்கு நேரமில்லை. அப்படியே அனுப்பினேன்.

அரை நிமிஷம் ஆகியிருக்காது. போன் அடித்தது. எதிர்வீட்டுத் தனபாக்கியம். பாளையங்கோட்டைக்காரி, ஓய்வுபெற்ற நர்ஸ், என்னைவிடப் பத்து வயது சிறியவள்.

"அண்ணாச்சி, நான் அவனப் பாத்தேன்."

"எங்க?"

"அங்கதான். மாசத்துக்கொரு சனிக்கெழம பொம்பளைங்க நடக்கப் போவோம்லா, இன்னைக்கு அங்கதான் வந்தோம். பதினொன்றரை இருக்கும். படகு எறக்குற எடத்துல தனியா நின்னான். 'எய்யா, ரெனிசு'ன்னு கூப்பிட்டேன். திரும்பி என்னயப் பாத்தான் அண்ணாச்சி. பாத்துட்டு விறுவிறுன்னு போய்ட்டான். இவளுக எல்லாம் சிரிச்சாளுக. 'அவன் டல்லாஸ்ல இருக்கான், ஒனக்குக் கண்ணாடி மாத்தணும்'னு. நானும் வேற ஆரோன்னு வந்துட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க சொன்னீகளே அண்ணாச்சி. நீங்க பொய் சொல்லுவீகளா?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

"எந்தப் பக்கமாப் போனான்?"

"பழைய ரோடு ஒண்ணு தண்ணிக்குள்ள எறங்குமே. பிக்னிக்குல பிள்ளையள நிறுத்திப் போட்டோ எடுத்தோமே. அந்தப் பக்கம். நாங்க இன்னும் இங்கன பக்கத்துலதான் சாப்பிட்டுட்டு இருக்கோம், பாஸ்டரும் வந்திருக்காவ. வாறோம் அண்ணாச்சி. எல்லாரும் கெளம்புதாவ."

வேண்டாம் என்று வாயில் வந்தது. பழக்கம். "வாங்க" என்றேன்.

பழைய ரோடு வடகரையில் இருந்தது. ரிசர்வாயர் கட்டுவதற்கு முன்னால் பள்ளத்தாக்கில் இருந்த ஏதோ ஊருக்குப் போன தார்ச்சாலை. அது புதர்க்காட்டுக்குள்ளிருந்து வந்து, ஒரு திருப்பமும் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அணையில் நின்று பார்த்தால் நேரெதிரே, தண்ணீருக்கு அந்தப்புறம் ஒரு சாம்பல் கோடு போலத் தெரிந்தது. வந்ததும் இடப்பக்கம் திரும்பியிருந்தால் இருபது நிமிஷத்தில் அங்கே போயிருப்போம். நான் காற்றைப் பார்த்து வலப்பக்கம் திரும்பினேன். இறந்தவனைத் தேடுவதற்கு அது சரியான பக்கம்.

போலீஸ் வண்டி அணையின் சாலையில் வந்தது. ஓட்டி வந்தவள் ஜெபினா வயதுப் பெண். தனபாக்கியம் சொன்னதை நான் சொன்னதும், அவள் தோளிலிருந்த ரேடியோவில் பேசி, இன்னொரு வண்டியைப் படகு இறக்கும் பக்கம் போகச் சொன்னாள். ஜெபினா ஓடி வந்தாள். எங்களைப் பின்னால் ஏறச் சொன்னாள் அந்தப் பெண். பின்னிருக்கைக்கும் அவளுக்கும் நடுவே கம்பிவலை இருந்தது. கதவில் உட்புறம் கைப்பிடி இல்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் போலீஸ் வண்டியில் ஏறியதில்லை என்று ஊரில் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஏறி உட்கார்ந்தேன். ஜெபினா என் கையைப் பிடிக்கவில்லை. அவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அறுபது நாள் முடிய இன்னும் நாலு நாள் இருந்துச்சு மாமா" என்றாள். "நான் ஊருக்குப் போயிடலாம்னுதான் சொன்னேன். அம்பத்தூர்ல எங்க அம்மா வீடு இருக்கு. அவர்தான் அப்பா முகத்துல எப்படி முழிக்கறதுன்னு கேட்டார்."

வண்டி கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, படகுச் சரிவைத் தாண்டி, பாதை முடிகிற இடத்தில் நின்றது. அதற்கு மேல் நடைதான். கால் புதைகிற சேறு. புல் முழங்காலை அறுத்தது. ஜெபினா முன்னால் ஓடினாள். நான் விழுந்து எழுந்து போனேன். வெளிச்சம் தரையிலிருந்து போய்விட்டிருந்தது, தண்ணீரில் மட்டும் மிச்சமிருந்தது. பழைய ரோட்டின் வெடிப்புகளில் குட்டைப் புதர்கள் முளைத்திருந்தன. அதன் நடுவில், அழிந்துபோன மஞ்சள் கோட்டின் மேல், ஒரு ஜோடி ஷூ ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டு வாசலில் கழற்றி வைப்பதுபோல. உள்ளே காலுறைகள் மடித்துச் செருகியிருந்தன.

ஜெபினா கத்தியது எனக்குக் கேட்டது. என்ன கத்தினாள் என்று புரியவில்லை. நான் அந்த ஷூவின் பக்கத்தில் நின்றுவிட்டேன். அணைக் கரையில் எத்தனையோ தகப்பன்மார் இப்படி நின்று பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் போய்ப் பேசியதில்லை, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"மாமா, இருக்கார்" என்று அவள் மறுபடியும் கத்தினாள். இந்தத் தடவை புரிந்தது.

ரோட்டின் ஓரத்தில், பழைய கல்சுவர் ஒன்றின் மறைவில், காற்று படாத பக்கமாக அவன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சு வரை நனைந்திருந்தான். இறங்கியிருக்கிறான், எப்படியோ ஏறி வந்திருக்கிறான். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. நடுக்கம் இல்லை. நடுக்கம் இல்லாதது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். இன்னொரு போலீஸ்காரர் முன்பே வந்து ஈரக் கோட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஜெபினா தன் கோட்டால் அவனைச் சுற்றி, அவன் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருகிறது, அவரைப் பேச வைத்துக்கொண்டே இருங்கள், தூங்க விடாதீர்கள் என்றார் அந்த அதிகாரி.

என்ன பேசுவது. நான் அவன் காலருகில் தரையில் உட்கார்ந்தேன். அவனுடைய பாதங்கள் சேறு படிந்து மெழுகு போல இருந்தன. என் ஷூவைக் கழற்றி, என் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி, அவனுக்கு மாட்டினேன். விரல்கள் வளையவில்லை. சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ள வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பாதங்களையும் என் கோட்டுக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"ரெனிஷ். டே. கண்ணத் தொற மக்ளே."

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. என் பக்கம் பார்த்தான்.

மேலே, படகுச் சரிவுக்கு அப்பால், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் வெளிச்சம் தெரிந்தது. சைரன் இல்லாத வெளிச்சங்கள். கதவுகள் சாத்தப்படும் சத்தம் காற்றில் வந்தது. யாரோ ஒரு பெண் பாளையங்கோட்டைப் பேச்சில் அவன் பெயரைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல குரல்கள் கூப்பிட்டன. பாஸ்டரின் குரலும் இருந்தது.

அவன் உதடு அசைந்தது. ஜெபினா காதை அருகில் கொண்டுபோனாள். ஆனால் அவன் கேட்டது என்னிடம்தான்.

"எல்லாரும் போயாச்சாப்பா?"

"இல்ல மக்ளே" என்றேன். "எல்லாரும் வந்திருக்காவ."

அவனுடைய கால் என் பிடியிலிருந்து பின்னால் இழுத்தது. ஒளிந்துகொள்ளப் பார்க்கிறவனின் இழுப்பு. அந்தக் காலில் அவ்வளவு பலம் மிச்சமிருந்தது. நான் விடவில்லை. டார்ச் வெளிச்சங்கள் புல்லுக்குள் இறங்கி எங்களை நோக்கி வர ஆரம்பித்தன. ஒரு கையால் அவன் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயரத் தூக்கி, அவர்களுக்குத் தெரியும்படி ஆட்டினேன்.